பட்டவன் சொல்லும் சாட்சி

பாரசீகச் சக்கரவர்த்தி டேரியஸின் சபையில் நடந்ததாக ஒரு சம்பவத்தை, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க சரித்திராசிரியர் ஹெரடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். சபையில் இருந்த கிரேக்கர்களை அழைத்து, எவ்வளவு பொருள் கொடுத்தால் உங்கள் தகப்பனார் இறந்த பின் அவர் உடலைத் தின்பீர்கள் என்று சக்கரவர்த்தி கேட்க, எது கொடுத்தாலும் அது எங்களால் ஆகாது என்று அவர்கள் சொல்ல, அடுத்தபடியாக, பெற்றோரின் உடலை உண்பதையே வழக்கமாகக் கொண்ட கல்லாத்தியர் என்னும் இந்திய ஜனங்களை வரவழைத்து, மொழிபெயர்ப்பாளன் மூலம் கிரேக்கர்களும் கேட்டுக்கொண்டிருக்க, என்ன கொடுத்தால் உங்கள் தகப்பனாரின் உடலை நெருப்பில் இட்டு எரிப்பீர்கள் என்று அவர் கேட்டார். அவர்கள் அலறிப்போய், அப்படிப்பட்ட வார்த்தையை வாயால் சொல்லவும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்களாம்.

அச்சம்பவம் அப்படியே நடந்ததா என்பதை இன்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஹெரடோட்டஸ் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு, அதாவது வழக்கமே மனிதரை ஆள்கிறது, அவரவருக்கு அவரவர் வழக்கமே உத்தமமாகத் தோன்றுகிறது என்ற முடிவு, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக உயிரோடு இருந்து வருகிறது. ஒரு தேசத்தில் பாபமாக இருப்பது இன்னொரு தேசத்தில் புண்ணியமாக இருக்குமானால், எந்தக் காலத்திலும் எந்த ஜனங்களுக்கும் பாபமாகவே நிற்கும் செயல் என்று ஒன்று உண்டா? இந்தக் கேள்வி தத்துவ ஞானிகளின் சொத்தாக மட்டும் இருந்த காலம் போய், சென்ற நூறாண்டுகளில் மானிடவியலாரும் உளநூலாரும் உடலியலாரும் அதைப் பரிசோதனைக்கு உட்படுத்தத் தொடங்கினார்கள். அவர்கள் கண்டவற்றில் சில மனத்துக்கு ஆறுதல் தருபவை; சில அந்த ஆறுதலைக் கலைத்துவிடுபவை.

கல்லாத்தியர்களின் குரல் ஒரு கூச்சலோடு ஏட்டில் முடிந்துபோகிறது. ஏறக்குறைய அதே வழக்கமுடைய வேறொரு ஜனத்தாரின் குரல் நமக்கு விரிவாகவே கிடைத்திருக்கிறது. பப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாட்டில் வாழும் போரே என்ற மக்கள், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், இறந்துபோன உறவினரின் உடலை உண்டு வந்தார்கள். பசியினாலும் அல்ல, பகையினாலும் அல்ல. மண்ணில் புதைத்தால் புழு தின்னும், வெளியில் கிடத்தினால் பூச்சி தின்னும், நம்மை நேசித்தவர்களின் உடம்புக்குள் போய்ச் சேருவது அதைக் காட்டிலும் மேலல்லவா என்பது அவர்களுடைய நியாயம். அந்தக் காரியங்களைப் பெண்களே அழுதுகொண்டு செய்தார்கள். பெரும்பாலும் அவர்களும் அவர்களுடைய குழந்தைகளுமே உண்டார்கள். தமக்கு அப்படியே நடக்கவேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே விரும்பியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

அந்த மலைநாட்டில் கூரு என்றொரு நோய் பரவியிருந்தது. போரே மொழியில் அச்சொல்லுக்கு நடுக்கம் என்று பொருள். முதலில் நடை தள்ளாடும். பிறகு கைகால்கள் நடுங்கும். காரணமில்லாத சிரிப்பு வரும். உட்காரவும் விழுங்கவும் சக்தியற்று, பெரும்பாலும் ஓராண்டுக்குள் மரணம் நேரும். பெண்களும் குழந்தைகளுமே அதிகமாக மாண்டார்கள். 1957இல் வின்சென்ட் சிகாஸ், கார்ல்டன் கஜ்டுசெக் என்ற இரு வைத்தியர்கள் அந்நோயை உலகத்துக்கு அறிவித்தார்கள்; 1960களில் ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்ற மானிடவியலார் கிராமம் கிராமமாக விசாரித்து, நோய்க்கும் இறந்தவரை உண்பதற்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக்காட்டினார்கள். நோயுற்று இறந்தவர்களின் மூளையிலிருந்த ஒரு பிறழ்ந்த புரதமே உண்டவர்களின் மூளைக்குள்ளும் புகுந்து, அங்கிருந்த நல்ல புரதத்தையும் தன்னைப்போல் பிறழச் செய்தது என்பது பின்னால் தெளிவாயிற்று. ஆஸ்திரேலிய நிர்வாகத்தின் தடையினால் 1960ஐ ஒட்டி அவ்வழக்கம் நின்றுபோயிற்று. நின்ற பிறகு பிறந்தவர்களுக்குக் கூரு வரவில்லை. ஆனால் முன்பே உண்டிருந்த சிலருக்கு, ஐம்பது ஆண்டுகள் உடம்புக்குள் உறங்கிக் கிடந்த பிறகும் அது வெளிப்பட்டது.

இதைப் படிக்கும் நமக்கு முதலில் எழுவது அருவருப்பு. ஆயினும் அந்தப் பெண்கள் செய்தது அதர்மம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. புரதத்தைப் பற்றிய அறியாமைதான் அவர்களைக் கொன்றது. அதே ஊரில் நடந்த இன்னொரு செயலைப் பாருங்கள். கூரு நோய் சூனியத்தால் வருகிறது என்று நம்பிய போரே ஆண்கள், சூனியக்காரன் என்று சந்தேகித்தவனை வழிமறித்து அடித்துக் கொன்றதும் உண்டு. அதையும் அவர்கள் நியாயம் என்றுதான் கருதினார்கள். அந்நியரான நமக்கு முதலாவது செயல் அருவருப்பாகவும், இரண்டாவது செயல் ஓரளவு புரிந்துகொள்ளக்கூடிய பழிவாங்கலாகவும் தோன்றுகிறது. உண்ணப்பட்டவர்களில் தம் கதியை விரும்பி ஏற்றவர்கள் உண்டு. அடிபட்டு விழுந்தவன் அப்படி ஏற்றுக்கொண்டிருக்க முடியுமா? இந்த வித்தியாசத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மானிடவியல் வளர்ந்த முதல் காலத்தில் ஹெரடோட்டஸின் கட்சியே ஓங்கியிருந்தது. ரூத் பெனடிக்ட் என்ற அமெரிக்க அம்மையார் 1934இல் வெளியிட்ட நூல், ஒவ்வொரு பண்பாடும் தனக்கென்று ஓர் அளவுகோலைப் படைத்துக்கொள்கிறது என்ற கருத்தைப் படித்தவர்களிடையே பரப்பிற்று. 1947இல், ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, மேற்கத்தியரின் மதிப்புகளை உலகம் முழுவதற்கும் சட்டமாக்கிவிடக் கூடாது என்று அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு எச்சரித்தது. சாம்ராஜ்யங்கள் நாகரிகத்தின் பெயரால் செய்த கொடுமைகளைக் கண்டவர்களின் நல்லெண்ணம் அதில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

எதிர்க்கட்சிக்கு முதல் பலம் குழந்தைகளிடமிருந்து வந்தது. எலியட் டூரியல் என்ற உளநூலார், மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் இருவகைத் தவறுகளைப் பற்றி விசாரித்தார். சீருடை இல்லாமல் வருவது போன்ற ஒழுங்குத் தவறு ஒரு வகை. இன்னொரு பிள்ளையை அடிப்பது போன்றது மற்றொரு வகை. ஆசிரியரே பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டால், முதல் வகையைச் செய்யலாம் என்ற குழந்தைகள், இரண்டாவதைச் செய்யலாம் என்று சொல்லவில்லை. டீச்சர் சொன்னாலும் அவனுக்கு வலிக்குமே என்பது அவர்கள் காட்டிய காரணம். விதியினால் தவறாவது வேறு, விதி இல்லாமலே தவறாவது வேறு என்ற பாகுபாடு நான்கு வயதிலேயே மனத்தில் படிந்துவிடுகிறது என்று டூரியல் 1983இல் எழுதிய நூலில் வாதித்தார்.

அந்த வாதத்தின் உறுதியைப் புவனேசுவரம் சோதித்தது. ரிச்சர்ட் ஷ்வீடர், மனமோகன் மகாபாத்ரா, ஜோன் மில்லர் என்ற மூவரும் 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புவனேசுவரத்துப் பழைய நகர் மக்களிடமும் சிகாகோவாசிகளிடமும் 39 செயல்களைச் சொல்லி, எது எவ்வளவு குற்றம் என்று கேட்டார்கள். வாக்குத் தவறுவது, ஒன்றும் செய்யாத பிராணியை உதைப்பது, உடன்பிறந்தார் கூடுவது போன்றவற்றில் இரு ஊர்களும் ஒத்துப்போயின. ஆனால், தகப்பனார் இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டான் என்ற செய்தியைக் கேட்டபோது, சிகாகோக் குழந்தைகளுக்கு அதில் குற்றம் ஒன்றும் தெரியவில்லை. புவனேசுவரத்துப் பிராமணக் குழந்தைகளோ, பட்டியலில் இருந்த செயல்களுள் மிகக் கொடியவற்றில் ஒன்றாக அதை எண்ணினார்கள். அது ஊர் வழக்கம் மட்டும் அல்ல, எந்த தேசத்தார் செய்தாலும் தவறே என்றும் கருதினார்கள்.

தமிழ் வாசகருக்கு இது விநோதமாகத் தோன்றாது. என் சிறு வயதில் எங்கள் வீட்டில் பாட்டனார் காலமானபோது, பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றைத்தான் முதலில் சாப்பிட்டோம். காரியம் முடியும்வரை அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. ஒரு நாள் மாலையில் அப்பளம் பொரித்துத் தரும்படி அறியாமல் கேட்ட என்னை என் பாட்டி கோபிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வெறுமனே பார்த்தார். இன்றைக்கும் துக்க வீட்டில் எண்ணெய் மணம் வந்தால் என் உடம்பில் ஏதோ ஒன்று சுருங்குகிறது. அது விதியா, நீதியா, பாசமா என்று பிரித்துக் காட்ட எனக்குத் தெரியாது. டூரியலின் மாணவர்கள் ஒரு சமாதானம் சொன்னார்கள்: இறந்த தகப்பனின் ஆன்மா பிள்ளையின் ஒழுக்கத்தை நம்பியிருக்கிறது என்ற நம்பிக்கையை ஏற்றுக்கொண்டால், கோழிக்கறி தின்பதும் தகப்பனை அடிப்பதும் ஒரே இனமாகிவிடுகின்றன, மாறியது உலகத்தைப் பற்றிய அறிவே, தர்மம் அல்ல. கெட்டிக்காரத்தனமான சமாதானம், பெரும்பாலும் சரியும் ஆகும்.

ஆனால் அதே பட்டியலில் இன்னொரு செயலும் இருந்தது. கணவனுக்குத் தெரிவிக்காமல் மனைவி தனியே சினிமாவுக்குப் போகிறாள், மறுபடி போனால் அடிப்பேன் என்று அவன் எச்சரித்திருக்கிறான், அவள் போகிறாள், உடம்பெல்லாம் கன்றிப்போகும்படி அடிக்கிறான். சிகாகோவில் இது பெருங்குற்றம். புவனேசுவரத்துப் பிராமணர்களில் பெரும்பாலோருக்கு இதில் குற்றம் தோன்றவில்லை. இங்கே ஆன்மாவைப் பற்றிய நம்பிக்கை கைகொடுக்காது. அடிக்கு வலி உண்டு என்பதை இரு ஊராரும் அறிவார்கள். வேறுபாடு, அந்த வலியைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் இருக்கிறது.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆலிவர் ஸ்காட் கரி, டேனியல் மல்லின்ஸ், ஹார்வி வைட்ஹவுஸ் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியே இவ்விஷயத்தில் ஆறுதலானவற்றுள் பெரியது. உலகின் பல பகுதிகளிலும் உள்ள 60 சமுதாயங்களைப் பற்றி மானிடவியலார் எழுதி வைத்த குறிப்புகளை அவர்கள் துருவிப் பார்த்தார்கள். உறவினருக்கு உதவுவது, கூட்டத்துக்கு விசுவாசமாயிருப்பது, உதவிக்கு உதவி செய்வது, தைரியம், பெரியோருக்கு அடங்குவது, நியாயமாகப் பங்கிடுவது, பிறர் உடைமையை மதிப்பது என்ற ஏழும் நல்லவையாகப் பேசப்படுகின்றனவா, தீயவையாகப் பேசப்படுகின்றனவா என்பதே கேள்வி. அகப்பட்ட 962 குறிப்புகளில் 961 அவற்றை நல்லவை என்றே சொல்லின. விலகி நின்ற ஒன்று மைக்ரோனேசியாவின் சூக் தீவிலிருந்து வந்தது. அங்கே பிறர் பொருளைப் பகிரங்கமாகப் பறிப்பவன், யாருக்கும் அஞ்சாதவன் என்று மெச்சப்படுவதுண்டாம்.

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டு மகிழ்வது இயற்கை. ஆனால் ஏழையும் மறுபடி வாசித்துப் பார்த்தால், அவை ஒரு கூட்டம் தனக்குள் ஒற்றுமையாய் வாழ்வதற்கு வேண்டிய குணங்கள் என்பது புலப்படும். கொள்ளைக்குப் போகும் கூட்டத்துக்கும் தைரியமும் விசுவாசமும் நியாயமான பங்கீடும் வேண்டும். கொள்ளை போகும் ஊர்க்காரனைப் பற்றி அந்த ஏழும் வாய் திறப்பதில்லை.

நுணுகிப் பார்த்தால் நீதிக்கு அஸ்திவாரம் என்று நாம் எண்ணுபவைகூட ஆடுகின்றன. தெரிந்து செய்த பிழைக்கும் தெரியாமல் செய்த பிழைக்கும் வித்தியாசம் உண்டு என்பதைவிடத் திடமான நியாயம் இருக்க முடியுமா? கிளார்க் பாரட் முதலானோர் 2016இல் பத்துச் சமுதாயங்களில் இதை விசாரித்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தார் செய்தவனின் நோக்கத்தை மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்ள, பிஜியைச் சேர்ந்த யசாவா தீவில் அது மிகச் சொற்பமாகவே கணக்கில் வந்தது. பிறர் உள்ளத்தில் இருப்பதை ஊகித்துப் பேசுவது அத்தீவில் மரியாதையாகாது.

பண்பாட்டில் கிடைக்காத உறுதி உடம்பிலாவது கிடைக்குமா என்று தேடியவர்களும் உண்டு. ஃபியரி குஷ்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் 2012இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று என் மனத்தை விட்டு நீங்காதது. பரிசோதகர் தம் கால்சட்டைக்குள் ஒரு குழாயை வைத்துக்கொண்டு, வந்தவரின் கையில் சுத்தியலைக் கொடுத்து, இந்த முழங்காலுக்குக் கீழே ஓங்கி அடியுங்கள் என்கிறார். அது கால் அல்ல, குழாய் என்பது அடிப்பவருக்கு நன்றாகத் தெரியும். ரப்பர்க் கத்தியால் கழுத்தை அறுப்பது, குழந்தைப் பொம்மையை மேஜையில் மோதுவது என்று இன்னும் சில. எதிலும் யாருக்கும் துன்பமில்லை. ஆயினும் செய்தவர்களின் இரத்தக் குழாய்கள், பார்த்துக்கொண்டிருந்தவர்களுடையதைக் காட்டிலும், ஆபத்தில்லாத வேறு வேலையைச் செய்தவர்களுடையதைக் காட்டிலும் அதிகமாக இறுகின. அறிவு பொய் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடம்பு பதறுகிறது.

இந்தப் பதற்றம் பிறவியிலேயே வருகிறதா? மலையேற முயலும் மரத்துண்டுக்கு ஒரு மரத்துண்டு உதவுவதையும் இன்னொன்று தள்ளிவிடுவதையும் காட்டினால், ஆறு மாதக் குழந்தைகளும் உதவியதையே எட்டி எடுக்கிறார்கள் என்று கைலி ஹாம்லின், கேரன் வின், பால் புளூம் ஆகியோர் 2007இல் அறிவித்தபோது உலகமே அதைக் கொண்டாடிற்று. பிறகு 37 பரிசோதனைச் சாலைகள் கூடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வரவழைத்து, அதே சோதனையைத் திரும்பச் செய்து 2024இல் முடிவை வெளியிட்டன. ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் உதவியதை எடுத்தார்கள், பாதி, தள்ளியதை. ஹாம்லினும் அந்த மறுசோதனையில் பங்கு கொண்டார் என்பதை, விஞ்ஞானத்தின் மேல் நம்பிக்கை குறைந்தவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

குழந்தையும் தீர்ப்புச் சொல்லவில்லை. வளர்ந்தவனின் பதற்றமோ பழகப் பழக மரத்துப் போகக்கூடியது. சரி, எல்லா ஜனங்களும் ஒப்புக்கொண்டதே பிரமாணம் என்று வைத்துக்கொண்டால் அடிமை முறையை என்ன செய்வது? பூமியின் ஏறக்குறைய ஒவ்வொரு கண்டத்திலும் ஏதோ ஒரு காலத்தில் அது இருந்தது. அரிஸ்டாட்டில் போன்ற மகா மேதை அதற்குத் தர்க்க ரீதியான நியாயமே எழுதினார். தமிழ்நாட்டிலும் மனிதரை விற்கும் அடிமை ஓலைகள் சாட்சிக் கையெழுத்தோடு எழுதப்பட்டன. இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் வரும்வரை நீதிமன்றங்கள் அந்த உடைமையை ஏற்றன. அக்காலத்துச் சமுதாயங்களை அலசிக் கணக்கெடுத்திருந்தால், மனிதன் மனிதனை விலைக்கு வாங்குவது எங்கும் தவறல்ல என்றே தொகை வந்திருக்கும்.

ஆனால் அந்தக் கணக்கு யாரிடம் எடுக்கப்பட்டிருக்கும்? சமுதாயத்தின் கருத்து என்று ஏட்டில் ஏறுவது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் மூத்தவரின் கருத்து. ஸ்பார்ட்டக்கஸ் கி.மு. 73இல் ஆயுதம் ஏந்தினான். ஹெய்ட்டியின் அடிமைகள் 1791இல் எழுந்தார்கள். அவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில், பெயர் தெரியாமல் ஓடியவர்களும் ஓடிப் பிடிபட்டவர்களும் எத்தனை பேர் என்று எண்ணி முடியாது. இந்த வாக்குகளையும் சேர்த்து எண்ணினால், அடிமை முறையைச் சரி என்று சொன்ன சமுதாயம் ஒன்றாவது தேறுமா என்பது எனக்குப் பெரிய சந்தேகம். செய்பவனை விசாரித்தால் தேசத்துக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. செய்யப்பட்டவனை விசாரிக்கும்போது இந்த வேற்றுமை மிகவும் சுருங்கிவிடுகிறது. போரேப் பெண்கள் செய்ததில் இந்தச் சோதனைக்கு ஆட்சேபம் இல்லை. போரே ஆண்கள் செய்ததில் உண்டு.

இதற்கு ஒரு பலமான மறுப்பு இருப்பதை நான் அறிவேன். புவனேசுவரத்தில் மனைவியை அடிப்பது தவறில்லை என்றவர்களில் பெண்களும் இருந்தார்கள். மீனைத் தொடக்கூடாது என்ற விலக்கை அங்கே எத்தனையோ விதவைகள் தங்கள் தர்மமாகவே ஏற்றிருந்தார்கள். பட்டவரே நியாயம் என்று சொல்லும்போது நாம் யார் மறுக்க? இக்கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. மறுக்க முடியாத இடத்தில் சொன்ன சம்மதத்தையும், மறுத்திருக்கக்கூடிய இடத்தில் சொன்ன சம்மதத்தையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்று மட்டும் சொல்வேன். வீட்டை விட்டுப் போக வேறு இடமும் கையில் வருவாயும் உள்ள பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வரலாம், வராமலும் போகலாம். இறந்த கணவனுக்காக மீனைத் துறந்த ஒருத்தியின் துறவில் நான் அறியாத பெருமை இருக்கலாம். அடியைப் பற்றி எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

ஏனென்றால், கட்டு சிறிது தளர்ந்து, கேட்பதற்கு ஒரு காது இருக்கிறது என்று தெரிந்தவுடனே ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சாசனம் இருக்கிறது. சென்னை ராஜதானியில் நிலவரி பிரிப்பதற்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854இல் லண்டன் பார்லிமெண்டில் எழுந்தது. மறுத்தவர்களின் வாதம், அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது. விசாரிப்பதற்காக எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட கமிஷன் நியமிக்கப்பட்டு, அதன் அறிக்கை 1855இல் வெளிவந்தது. நடப்பது உண்மை என்று கமிஷன் கண்டது. கிட்டி, அண்ணாந்தாள் என்ற நம் சொற்கள் அந்த அறிக்கையில் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. கிட்டி என்பது ஒரு முனையில் பிணைத்த இரண்டு மரத்துண்டுகள். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் இடையில் விரல்களை வைத்து இறுக்குவது. அண்ணாந்தாள் என்பது ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, வெயிலில் நிறுத்தி, சில சமயம் முதுகில் கல்லையும் ஏற்றுவது. முந்திய அரசுகளின் காலத்திலிருந்தே வந்த பழைய வழக்கம் என்றும் அவற்றைப் பற்றிச் சொல்லப்பட்டது.

வழக்கம்தான், தலைமுறை தலைமுறையாகத் தகப்பனும் பாட்டனும் பட்டு, ஊரே பார்த்துக்கொண்டிருந்த வழக்கம். கமிஷன் உட்கார்ந்திருக்கிறது என்ற செய்தி பரவியதும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்தன. பலர் கடிதம் அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள், சிலர் நெடுந்தூரத்திலிருந்தும், நேரிலேயே வந்து நின்றார்கள்; எந்த ஊர், எந்தச் சேவகன், எத்தனை ரூபாய் பாக்கிக்காக என்று சொல்வதற்கு.